போன் லாக்... பாலிசி இருந்தும் நகை அடகுக் கடையில!

வரதராஜன்பேட்டையில இருந்து ஜெயங்கொண்டம் போற வழியில ஒரு விபத்துன்னு வெச்சுக்குங்க. 108 வந்துடுது. உங்க போன் லாக். வீட்டுக்கு யார் சொல்றது? சொன்னாலும், உங்களுக்கு ஹெல்த் பாலிசி இருக்குன்னு வீட்ல தெரியுமா? தெரியலைன்னா நகையை அடகு வெச்சுத்தான் பணம் கட்டுவாங்க.

2005-ல பாப் பிராச்சி என்ற பிரிட்டிஷ் ஆம்புலன்ஸ் ஊழியர், அவசர எண்ணை 'ஐ.சி.இ.' என்ற பெயரில் போனில் சேமிக்கச் சொன்னார். நல்ல யோசனை. ஆனா இன்னைக்கு லாக் போட்ட போன்ல அது தெரியாது. அதனால இப்படிச் செய்யுங்க:

1. ஆண்ட்ராய்டு: செட்டிங்ஸ்ல 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி'. ஐபோன்: ஹெல்த் ஆப்ல 'மெடிக்கல் ஐடி'. லாக்கிலும் தெரியும்படி ஆன் பண்ணுங்க.

2. ரெண்டு பேர் எண் கொடுங்க. கணவர் வெளிநாட்டில் இருந்தா, உடனே ஓடி வரக்கூடிய உள்ளூர்க்காரர் ஒருத்தர் கட்டாயம்.

3. ரத்த வகை, அலர்ஜி, சாப்பிடும் மாத்திரை எழுதுங்க. ஆதார், பேங்க் விவரம், பின் நம்பர் வேண்டாம். யார் கையில போன் கிடைச்சாலும் படிக்கலாம்.

4. பாலிசி எண்ணையும் இன்ஷூரன்ஸ் ஹெல்ப்லைன் எண்ணையும் அந்த ரெண்டு பேருக்கும் இன்னைக்கே வாட்ஸ்அப் பண்ணுங்க.

முடிச்சதும் போனை லாக் பண்ணி, 'எமர்ஜென்சி' அழுத்திப் பாருங்க. விவரம் தெரியுதா? அப்போதான் வேலை முடிஞ்சது.