மோட்டார் மேல் வழக்கா, கம்பி மேல் வழக்கா?

கேள்வி: மட்டாஞ்சேரியில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. 26 அடி மோட்டார் படகு ஒன்றில் சுற்றுலாப் பயணிகளைக் காயலுக்குள் கூட்டிப் போகிறேன். நானே ஸ்ராங்கு (படகோட்டி), மச்சான் உதவிக்கு. நங்கூரம் இழுத்தே முதுகு போனதால், சென்னை வியாபாரி ஒருவரிடம் 1,38,000 ரூபாய்க்கு 12 வோல்ட் மின்சார நங்கூர வின்ச் வாங்கினேன். அவர் கைகாட்டிய எலெக்ட்ரீஷியன்தான் பொருத்தினார். ஏழாவது மாதம் மோட்டார் நின்றுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் ரிலே ‘டக்’ என்கிறது, அவ்வளவுதான். நீர் வற்றும் நேரத்தில் நங்கூரம் சேற்றில் பிடித்துக்கொண்டால், வின்ச்சாலேயே படகை இழுத்து எடுப்பது எங்கள் வழக்கம். அன்று அதுவும் முடியாமல் கயிற்றை அறுத்துவிட்டுத் திரும்பினோம். சவாரிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். வியாபாரியோ, “தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது, வயரிங்கும் சரியில்லை” என்கிறார். நுகர்வோர் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் உங்களுக்கு வேண்டியது ஒரு வோல்ட் மீட்டர்.

‘டக்’ சத்தம் கேட்கிறது என்றால் சுவிட்ச் சொன்னது ரிலேவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழுது அதற்கு அப்பால்: ரிலேயின் முனைகளிலோ, கனத்த கம்பியிலோ, மோட்டாரிலோ. ஆயிரம் வாட் மோட்டார் 12 வோல்ட்டில் சுமார் 80 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி பின்னணியத்தில், வின்ச் முன்னணியத்தில். 26 அடிப் படகில் போக வர 16 மீட்டர் கம்பி. அது 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருந்தால் இரண்டே கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துபோகும். 35 சதுர மில்லிமீட்டராக இருந்தால் முக்கால் வோல்ட்கூட இழக்காது. கொச்சியின் உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்திருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

ஆகவே என்ஜினை ஓடவிட்டு, சுவிட்சை ஒரு நொடி அழுத்தி, பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். பேட்டரியில் 12.5, மோட்டாரில் 9 என்றால் கோளாறு பெரும்பாலும் கம்பியிலோ ரிலேயிலோ இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தும் மோட்டார் அசையவில்லையா? அப்போது மோட்டாரைச் சந்தேகப்படலாம். அளப்பதை வீடியோ எடுங்கள். மோட்டாரின் வரிசை எண்ணும் அதில் தெரியட்டும். தயவுசெய்து யாரையும் மோட்டாரைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்த மோட்டாரோடு வந்த கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதற்குமேல் வேலையே இருக்காது. நுகர்வோர் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது.

அளவு எப்படி வந்தாலும் வியாபாரி, எலெக்ட்ரீஷியன் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவார். கைகாட்டியது வியாபாரிதான் என்பதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதுவே பெரிய சொத்து. 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள்.

இனி ‘தொழில்’ என்ற வாதம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. இந்த எல்லையை உச்ச நீதிமன்றம் 1995-இல் வரைந்த வழக்கில் எதிர்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம். லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் அதனிடம் வாங்கிய இயந்திரத்தின் தன்மையைப் பார்த்தால் அது சுயதொழில் பிழைப்புக்கானது அல்ல, ஆகவே வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்றது தீர்ப்பு. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. உங்கள் மச்சான் அந்த ஓரிருவரில் அடக்கம். நாளைக்கே இரண்டாவது படகு வாங்கி ஆள் போட்டு ஓட்டினால் கதை வேறு. புகாரில் ‘சுயதொழில், பிழைப்புக்காக மட்டுமே’ என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாமல் விட்டு முதல் வாய்தாவிலேயே வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு.

வாரண்டி அட்டையின் பொடி எழுத்து மட்டுமே கடைசி வார்த்தை அல்ல. சுற்றுலாப் படகுக்கு என்று சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினீர்களா? 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு துணைக்கு வரும்.

எனக்கு உறுத்துவது உங்கள் கடிதத்தின் ஒரு வரி: “வின்ச்சாலேயே படகை இழுத்து எடுப்பது எங்கள் வழக்கம்”. நங்கூர வின்ச் சங்கிலியையும் நங்கூரத்தையும் தூக்கத்தான். படகை என்ஜினால் நங்கூரத்துக்கு மேலே கொண்டுபோய், சேற்றுப் பிடியையும் என்ஜினாலேயே விடுவித்துவிட்டுத் தூக்குவதுதான் முறை. தவறான பயன்பாடு என்று எதிர்தரப்பு பிடித்துக்கொள்ளப்போவது உங்கள் வழக்கத்தைத்தான். இல்லை என்று பிரமாண வாக்குமூலத்தில் பொய் சொல்லாதீர்கள். கையேட்டில் எச்சரிக்கை இருந்ததா, உங்களுக்குப் புரியும் மொழியில் யாராவது சொன்னார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

வழக்கு எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். புகார்தாரர் வசிக்கும் இடமே போதும் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், நான் சொல்லக்கூடாதுதான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது.

பழுது நீக்கம், மாற்றுப் பொருள், விலை திரும்ப, இந்த மூன்றையும் ஒன்றுக்கு மாற்றாக ஒன்று என்று கேளுங்கள். போன சவாரிப் பணத்தை இழப்பீடாகக் கேட்கலாம், எதிர்தரப்பின் அஜாக்கிரதையைக் காட்டினால். அதே சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயத்தின் கீழ் கேட்காதீர்கள். பொருளுக்கே வந்த சேதத்தையும் வணிக நஷ்டத்தையும் அது ஏற்பதில்லை. மச்சானின் விரல் சங்கிலியில் மாட்டியிருந்தால்தான் அதற்கு வேலை.

படகின் பதிவு, சர்வே, இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா? 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கேட்பவை அவை. தானூரில் 2023 மே 7 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 உயிர் போனதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆணையத்தில் எதிர்தரப்பு முதலில் கேட்கப்போவதும் அந்தக் காகிதங்களைத்தான்.

அறுத்துவிட்ட நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் பில் இருந்தால் அதையும் கோப்பில் வையுங்கள்.