குழந்தையின் வளர்ச்சியும் எடைக்கோடும்

பிறந்த முதற் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவது இயல்பே. தாய்மார் இது கண்டு அஞ்சுவதுண்டு. இரண்டு வாரங்களுக்குள் அக்குறைவு பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டு விடுகிறது. பின்னர் வளர்ச்சி மிக விரைவானது. பிறப்பில் 3.3 கிலோகிராம் எடையுள்ள ஆண் குழந்தை மூன்றாம் மாத நிறைவில் 6.4 கிலோகிராமை எய்துகிறது. இவ்வேகம் நீடிப்பதன்று. ஆறாம் மாதத்தில் 7.9, ஓராண்டில் 9.6 என்பதே நடுத்தர அளவு. அதாவது, பிற்பாதி ஆண்டில் மாதத்திற்கு 300 கிராம்கூடக் கூடுவதில்லை.

இவ்வெண்கள் உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவைகளைச் சார்ந்தவை. 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகள் ஆராயப்பட்டனர். அவ்வாய்வு நிகழ்ந்த இடங்களுள் தில்லியும் ஒன்று. தாய்ப்பாலும் நல்ல சூழலும் பெற்ற குழந்தைகளின் உடல் நீளம் எல்லா இடங்களிலும் ஏறத்தாழ ஒத்தே இருந்தது. ஆகவே, நம் நாட்டுக் குழந்தைகள் பிறவியிலேயே சிறிய உருவினர் என்னும் சமாதானம் பொருந்துவதன்று.

மேற்கூறிய 300 கிராம் என்னும் அளவைப் பணியாளர் மனத்திற் கொள்ளல் வேண்டும். தராசின் முள்ளைச் சுழியில் நிறுத்தாமையும், ஈர உடையும், காலில் கிடக்கும் வெள்ளித் தண்டையும் சேர்ந்து 200 கிராம் பிழை விளைவிக்குமாயின், ஒரு மாத வளர்ச்சியின் பெரும்பகுதி அப்பிழையில் மறைந்துவிடும். பிறந்த தேதியைத் தோராயமாகக் குறிப்பதும் அத்தகைய தவறே.

அட்டையில் ஒரு புள்ளி மட்டும் அதிகம் கூறுவதில்லை; புள்ளிகளை இணைக்கும் கோடே கூறும். பச்சைப் பகுதியிலேயே இருப்பினும், இரண்டு மாதம் கோடு மேலேறாது கிடையாகச் செல்லும் குழந்தை கவனத்திற்குரியது. பார்வைக்கு அது கொழுவென்றே இருக்கலாம். ஆறாம் மாதத்திற்குப் பின் இந்நிலை மிகுதியும் காணப்படும்: இணையுணவு தொடங்கத் தாமதமாயிற்றா, கஞ்சி நீர்த்துப்போயிற்றா, வயிற்றுப்போக்கு வந்ததா எனத் தாயை வினவுதல் முதற்கடன். தாயைக் கடிந்துகொள்வதாற் பயனில்லை. அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தையைக் கிடத்தியே நீளம் அளத்தல் வேண்டும். நிறுத்தி அளந்தால் 0.7 சென்டிமீட்டர் அளவிற்குக் குறைவாகத் தோன்றும்.

இரு பாதங்களிலும் வீக்கம் உள்ளபோது எடையை நம்புதல் கூடாது. தேங்கிய நீரும் நிறையாகவே காட்டும். அத்தகைய குழந்தையையும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதிற்குட்பட்டு மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தையையும் அடுத்த எடைநாள் வரை நிறுத்திவையாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புக.