புற்றுநோய் குடும்பத்தில் தொடருமா?



“எங்க அம்மாவுக்கு மார்பில புற்றுநோய் வந்துச்சு. எனக்கும் வருமா ஐயா?” கிளினிக்கில் பெண்கள் கேட்கும் கேள்வி இது.

மார்புப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. நூற்றில் 5 முதல் 10 வரைதான் அப்படி வருகின்றன. இது ஒட்டுவாரொட்டி அல்ல, செய்வினையும் அல்ல.

நம் உடம்பில் பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரு மரபணுக்கள் உண்டு. உயிரணுக்களில் ஏற்படும் பழுதைச் சரிசெய்வது இவற்றின் வேலை. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. இவற்றில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் பழுது சேர்ந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட பெண்கள் 100 பேரில் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வரக்கூடும். முட்டைப்பையிலும் வரலாம். ஆனால் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

ரப்பர் ஒட்டுக்கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவரும். மனிதப் பிள்ளை அப்படியல்ல; பாதி தாயிடம், பாதி தகப்பனிடம் வாங்குகிறது. ஆகவே பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா வழியை மட்டும் பார்த்தால் போதாது. அப்பாவைப் பெற்ற பாட்டி, அத்தைமார் பற்றியும் விசாரியுங்கள்.

கீழ்க்கண்டவை குடும்பத்தில் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்:

1. 50 வயதுக்குள் மார்புப் புற்றுநோய்.
2. இரண்டு மார்பிலும் புற்றுநோய்.
3. முட்டைப்பைப் புற்றுநோய்.
4. ஆண் ஒருவருக்கு மார்புப் புற்றுநோய்.
5. ஒரே வழி உறவில் இரண்டு மூன்று பேருக்கு இந்நோய்.

பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தமோ எச்சிலோ போதும். முடிந்தவரை நோய் கண்டவரையே முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் கோளாறு தெரிந்தால், மற்றவர்களிடம் அதே கோளாறு உண்டா என்று பார்ப்பது சுலபம். சில சமயம் ‘தெளிவில்லை’ என்றும் முடிவு வரும். அதை வைத்துக்கொண்டு பயந்து அறுவை சிகிச்சைக்கு ஓடக் கூடாது.

கோளாறு இருப்பது உறுதியானால் வழி உண்டு. இளம் வயதிலேயே எம்.ஆர்.ஐ., மேமோகிராம் படங்கள் எடுத்துக் கண்காணிப்பார்கள். பிள்ளை பெற்று முடித்தபின் முட்டைப்பையை எடுத்துவிடுவது பற்றியும் டாக்டர் பேசுவார். தீர்மானம் உங்களுடையது. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதற்கான ஆலோசனை உண்டு. அரசாங்க கிளினிக்கில் குடும்ப விவரத்தைச் சொல்லி, அனுப்பிவைக்கும் கடிதம் கேளுங்கள்.

நம் ஜனங்களிடம் ஒரு பழக்கம். “பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம், வாயைத் திறக்காதே” என்று நோயை மூடி மறைப்பார்கள். பாட்டி எதனால் இறந்தார் என்பது பேத்திக்கே தெரியாது. அந்த மறைப்பால் நஷ்டப்படுவது அதே பெண்தான்! கட்டி பெரிதான பிறகுதான் அவள் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன உறவினர்களுக்கும் போன் போடுங்கள். யாருக்கு, எந்த இடத்தில், எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்