பாராளுமன்றக் குழுவும் அரசு அலுவலரும்

செஞ்சிக் கோட்டையில் இராஜகிரியின் அடிவாரத்துள்ள நெற்களஞ்சியத்தைக் காண்போர் அதன் பருஞ்சுவர்களை வியந்து செல்வர். விடுமுறையில் ஆண்டுச் சென்ற யாமோ வேறொன்று எண்ணினோம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றியிருந்த காலத்துக் களஞ்சியக் காவலன் நெல்லின் அளவை மிகுத்துக் கூறியிருப்பின் என்னாம்? தலைவன் அச்சொல்லை நம்பி நாளெண்ணுவான். நெல்லோ இடையிலே தீரும். கணக்கிற் பொய் கூறல், கோட்டை வாயிலை உள்ளிருந்தே திறத்தற்கு ஒப்பாம்.

கணக்குக் கேட்டல் தமிழர்க்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என விதித்தது. இந்நாளில் அப்பணியை ஆற்றுவனவற்றுள் தலையாயது பொதுக் கணக்குக் குழு. 1921இல் தோன்றிய அது, 1950இல் பாராளுமன்றக் குழுவாயிற்று. மக்களவையினர் 15 பேரும் மாநிலங்களவையினர் 7 பேரும் அதன் உறுப்பினர். அமைச்சர் எவரும் அதில் இடம்பெறார். 1967 முதல் எதிர்க்கட்சியினர் ஒருவரே தலைவராதல் மரபு. தணிக்கையாளர் அறிக்கையை ஆராயும் இக்குழு, துறைச் செயலரை அழைத்து வினவும்.

அவ்வினாவிற்கு விடையிறுத்தல் எங்ஙனம்? செஞ்சியைக் காக்கும் தொல்லியல் துறையின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டுண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள் 92 காணப்படவில்லை என 2013இல் தணிக்கை அறிக்கை கூறிற்று. பின்னர்ப் பல கண்டறியப்பட்டன. 2022 டிசம்பரில் பண்பாட்டு அமைச்சகம், 50 சின்னங்கள் இல்லையெனப் பாராளுமன்ற நிலைக்குழுவினிடம் உரைத்தது. அவற்றுள் 14 நகர்ப் பெருக்கத்தால் மறைந்தன. 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கின. 24 இருக்குமிடமே அறியப்படவில்லை. 7,000 காவலர் வேண்டியவிடத்து 2,578 பேரே, அதுவும் 248 இடங்களிலேயே, அமர்த்தப்பட்டிருந்தனர் என்பதும் அப்பொழுதே வெளிப்பட்டது.

இவை நாணத்தக்க எண்களே. ஆயினும் நோயை மறைப்பானுக்கு மருத்துவன் மருந்தளித்தல் யாங்ஙனம்? குறையை உள்ளவாறு கேட்ட குழுவே அதனைத் தீர்க்கப் பொருள் வேண்டும் என்று மன்றத்தில் வற்புறுத்த வல்லது.

ஆதலின் அலுவலர் கடமைகள் சில தெளிவாம். வினாவின் பொருளை முன்னரே கற்றுச் செல்லல் முதலாவது. அறிந்ததைச் சுருங்கவும் விளங்கவும் உரைத்தல் இரண்டாவது. அறியாததனை ஊகித்துக் கூறாது, பின்னர் எழுத்தில் தருவதாக ஒப்பி, அவ்வாறே தருதல் மூன்றாவது. குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை ஆண்டு நிகழ்ந்தவற்றைப் புறத்தே கூறாமை நான்காவது. பரிந்துரைகளைக் கோப்பில் உறங்கவிடாமல், செய்தது இது, செய்யாதது இது, காரணம் இது என மறுமொழி விடுத்தல் ஐந்தாவது.

அமைச்சர்க்கு அடங்கியோர் குழுவிற்கு எவ்வாறு உண்மை கூறுவர் எனச் சிலர் வினவலாம். கொள்கையின் நன்மை தீமை பேசுதல் அமைச்சர்க்கு உரியது; அதனை அலுவலர் அவர்க்கே விடுக. நடந்ததும் செலவானதும் அத்தகையன அல்ல. அவை மக்களுக்கு உரியவை. நாட்டின் பாதுகாப்பிற்கு ஊறாகும் ஆவணத்தை அரசு கொடாதிருக்கலாம் என்பது விதி. ஒருவர்தம் பிழையை மூட அவ்விதி அரணாகாது.

2025இல் செஞ்சி, மராத்தியப் படைத்தலங்கள் பன்னிரண்டனுள் ஒன்றாய் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. நம்முடன் பயில்வோருட் சிலர் நாளை அலுவலராய்க் குழுவின்முன் நிற்பர். அந்நாளில் அவர் களஞ்சியக் காவலனை நினைவாராக. உள்ள நெல்லை உள்ளபடி உரைப்பாராக.