வலிக்கிற காலும் வலிக்காத காலும்

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பாறைகளுக்கு நடுவே மூழ்குகிறார்கள். வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை செய்பவர்களின் கால் நாள் முழுக்க உப்புநீரில் ஊறுகிறது. ராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் ஈரக்கல்லில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கால் படுகிற பாடு இத்தனை விதமாக இருக்க, வைத்தியம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: மெடிக்கலில் ஒரு மாத்திரை, ஒரு தைலம். அதை வாங்குவதற்கு முன் எந்த இடத்தில் வலிக்கிறது, எந்த நேரத்தில் வலிக்கிறது என்று கவனியுங்கள்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் சுருக்கென்று குத்துகிறது, கொஞ்சம் நடந்ததும் தணிகிறது, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருகிறது என்றால், பெரும்பாலும் அது உள்ளங்கால் சவ்வின் வலி. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை அது. மணிக்கணக்கில் நிற்பது, உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, தேய்ந்த ஹவாய் செருப்பு எல்லாம் சேர்ந்து அதை நைத்துவிடுகின்றன. எக்ஸ்ரேயைப் பார்த்து ‘குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கு’ என்று சொன்னால் கலங்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி இருக்கிறது.

இந்த வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய. படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே தொடங்குங்கள். வலிக்கிற காலை மற்றக் காலின் தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை; ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரிய வேண்டும். அரை நிமிடம் வீதம் மூன்று முறை போதும். வேலை முடிந்து வந்ததும், தண்ணீர் நிரப்பி உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டிலைத் துணியில் சுற்றி, உள்ளங்காலுக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டலாம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், முழுக்கக் குணமாகச் சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இரண்டு நாளில் விட்டுவிடுவதால்தான் பலருக்கு இது தீராத நோயாகிறது. ஊசி போட்டால் சீக்கிரம் அடங்குவது உண்மை. ஆனால் ஸ்டீராய்டு ஊசியை அடிக்கடி போட்டுக்கொண்டால் அந்தச் சவ்வே அறுந்துவிடக்கூடும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெருவிரல் மூட்டு ஒரே இரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர்போனால் யூரிக் அமிலத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் வெந்து அரித்தால் சேற்றுப்புண்: துடைத்து உலரவைத்து, பூஞ்சைக்கான களிம்பை இரண்டு, மூன்று வாரம் விடாமல் தடவ வேண்டும். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள்.

திருக்கை முள் குத்தினால் செய்ய வேண்டியது வேறு. காலைப் பொறுக்கிற சூட்டு வெந்நீரில், சுமார் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும், வலியும் இறங்கும். கொதிநீர் வேண்டாம். தண்ணீரின் சூட்டை அடிபடாதவர் கைவிட்டுப் பார்க்கட்டும். ஆழமாக இறங்கிய முள்ளைப் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். கடல்நீர் பட்ட காயம் சில மணி நேரத்தில் சிவந்து பரவினாலோ, கொப்புளித்துக் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போயாக வேண்டும். சர்க்கரை நோயோ ஈரல் நோயோ இருப்பவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது.

இதுவரை சொன்னவை வலிக்கிற கால்கள். எனக்குப் பெரிய கவலை வலிக்காத கால்களைப் பற்றித்தான். ராமநாதபுரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். முள் குத்தி ஆறிய இடத்தில் மாதங்கள் கழித்து வலியில்லாத வீக்கம் எழும்பி, சிறு துளைகள் விட்டு, அவற்றிலிருந்து கறுப்பாகவோ வெள்ளையாகவோ குருணை வந்தால் அது ‘மதுரா கால்’ நோயாக இருக்கலாம். 1842இல் பக்கத்து மதுரையில் கண்டு எழுதப்பட்டதால் வந்த பெயர் அது. சீக்கிரம் கண்டால் மருந்துக்குக் கட்டுப்பட வாய்ப்பு உண்டு. விட்டுவைத்தால் எலும்பைத் தின்னும்.

சர்க்கரை நோயில் கால் மரத்துப்போவது இன்னும் பரவலானது. அதை வீட்டிலேயே சோதிக்கலாம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை வீட்டில் ஒருவர் விரலால் ஓரிரு நொடி லேசாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். புண் இருந்தால், வலிக்காவிட்டாலும், அன்றே அல்லது மறுநாளே ஆஸ்பத்திரி. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறவர்களிடமே காலைக் காட்டிக் கேட்கலாம்.

கால் மரத்துப்போனவர்கள் ராமேசுவரம் போனால் விடுதியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டாம். கோயில் வாசல்வரை போட்டுக்கொள்ளுங்கள். தீர்த்தமாடலை விடியலிலேயே முடித்துவிட்டால் வெளியே தரை சூடேறியிருக்காது. முடித்ததும் விரல் இடுக்கைத் துடையுங்கள். தனுஷ்கோடி மணலில் மத்தியானம் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. மரத்த பாதம் வெந்து கொப்புளித்தபின்தான் தெரியும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கால்களை ஆராய்ந்து, வலி உணராததால்தான் அவை புண்ணாகின்றன என்று கண்டார். அவர்களுக்காக அங்கே பயன்பட்ட மென்மையான ரப்பர் செருப்பு இன்று ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளுக்கும் கிடைக்கிறது. வாங்கும்போது மாலையில் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மரத்த காலுக்கு இறுக்கம் தெரியாது. ஆகவே பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொண்டு போய்ச் செருப்பின்மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் எந்தப் பக்கமும் வெளியே நீளக் கூடாது.