சென்னைக்குப் புதுசா? சந்தைக்குப் போ

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டாய். வீடு பிடித்தாயிற்று, கேஸும் வந்துவிட்டது. காய்கறியோ, கைப்பேசியில் தட்டினால் வாசலுக்கே வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மழை நாளில் நானும் தட்டுகிறவன்தான். ஆனால் அப்படியே இருந்துவிட்டால், எத்தனை வருஷமானாலும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் உள்ள ரோடு மட்டும்தான் உனக்குச் சென்னை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

1. கிழமையும் நேரமும் தெரியாமல் கிளம்பாதே. வழியை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம், தவறவிட்ட நேரம் திரும்ப வராது. பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை மட்டும்தான். சனிக்கிழமை போய் நின்றால் சந்தை இருந்த சுவடே தெரியாது. கோயம்பேடு காய்கறிச் சந்தையில் இரவோடு இரவாக லாரிகள் சரக்கு இறக்கும். தெருக்கடைக்காரர்கள் விடிவதற்குள் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறவனுக்கு அவர்கள் கழித்ததுதான். மீன் வாங்கக் காசிமேட்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும்.

2. முதல் நாள் வாங்காதே, சும்மா சுற்று. ஒரே சாமானுக்கு நாலு கடையில் என்ன விலை சொல்கிறார்கள் என்று காதை மட்டும் தீட்டிக்கொள்.

3. கோயம்பேட்டை ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதே. கொத்தவால் சாவடியின் நெரிசல் தாங்காமல் 1996-இல் மொத்த வியாபாரத்தை இங்கே கொண்டுவந்தார்கள். காய்க்கு ஒரு பகுதி, பழத்துக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று. முதலில் லாரி நம்பர் பலகைகளைப் பார்: கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம். நாசிக் வெங்காயமும் ஊட்டி கேரட்டும் பெங்களூர்த் தக்காளியும் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாள் சாம்பார் கொதிக்காது. மொத்தக் கடையில் மூட்டையும் பெட்டியுமாகத்தான் வியாபாரம். கால் கிலோ கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து நாலு வீட்டோடு சேர்ந்து ஒரு பெட்டித் தக்காளி வாங்கிப் பிரித்துக்கொள், அண்டை வீட்டுப் பழக்கமும் அதிலேயே வந்துவிடும். ஒன்று கவனம்: பின்னாலிருந்து “ஓரம், ஓரம்” என்று குரல் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதே, சட்டென்று ஒதுங்கு. தலையில் மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக வருகிறவரால் உனக்காக நிற்க முடியாது. கீழே கோஸ் இலையும் சேறுமாக வழுக்கும், நல்ல செருப்பு வேண்டாம்.

4. காசிமேட்டில் ஏலம் உனக்கல்ல, கூடை கூடையாக எடுக்கும் வியாபாரிகளுக்கு. வேடிக்கை பார்த்துவிட்டு, அவர்களிடம் எடுத்து விற்கும் பெண்களிடம் வா. செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே குழிந்திருந்தால் நகர்ந்துவிடு. விரலால் அழுத்தினால் சதை பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். வெட்டிக் கொடுப்பவருக்குத் தனிக்கூலி, அதில் பேரம் பேசாதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு மயங்கி விழாதே. புதுசாக வேண்டுமென்றால் சின்னப் படகுகள் கொண்டுவரும் மீனைக் கேட்டு வாங்கு.

5. பேரம் பேசத் தெரிய வேண்டும், எங்கே பேசக் கூடாது என்றும் தெரிய வேண்டும். பல்லாவரத்தில் பழைய நாற்காலிக்கோ பூந்தொட்டிக்கோ தாராளமாகப் பேசு. பழைய மிக்ஸி என்றால் ஓடவிட்டுக் காட்டச் சொல், காட்ட மறுத்தால் வேண்டாம். கீரைக்கட்டுக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். போணி ஆகாத கடையில் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு நகராதே, அன்றைக்கு முழுக்க உன்னைத்தான் திட்டுவார்கள்.

6. பாரிமுனைக்கு ஞாயிறு போகாதே, பாதிக் கடை மூடியிருக்கும். தெருவுக்கு ஒரு தொழில்: ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி. பெரியவர்கள் யாராவது மூர் மார்க்கெட் என்று பேச்செடுத்தால் நின்று கேள். 1985-இல் எரிந்துபோனது. சென்ட்ரலில் இன்று நீ மின்சார ரயில் ஏறும் நிலையம் நிற்பது அந்த இடத்தில்தான்.

7. திருவிழாவைக் காலண்டரில் குறித்துக்கொள். ஜனவரியில் புத்தகக் காட்சி, 1977-இலிருந்து நடப்பது. அதையொட்டியே தீவுத்திடல் பொருட்காட்சி. மூஞ்சியை மறைக்கும் அளவு டெல்லி அப்பளத்தை மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பார்கள். மற்ற ஸ்டால்கள் எனக்கு அலுத்துவிட்டன, அப்பளம் அலுக்கவில்லை. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர். அன்று மாட வீதிகளில் உன் கால் உன் பேச்சைக் கேட்காது, கூட்டம் கொண்டுபோகிற பக்கம்தான் போக வேண்டும். சொப்புச் சாமான் வாங்க அதுதான் நாள். நவராத்திரிக்கு முன்னால் அதே இடத்தில், வடக்கு மாட வீதி நெடுக, கொலு பொம்மைகள். கடைசி இரண்டு நாளில் விலை இறங்கும், ஆனால் நல்ல தசாவதார செட் அதற்குள் போயிருக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் பக்கம் இன்னொரு கடைத்தெரு முளைக்கும்.

8. சில்லறையும் துணிப்பையும் எப்போதும் கையில் இருக்கட்டும். ஜிபே எல்லாரிடமும் உண்டு, சிக்னல்தான் கூட்டத்தில் காலை வாரும். மீனுக்கு மூடி இறுகின டப்பா எடுத்துக்கொள். அது இல்லாமல் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால், அந்தப் பெட்டியில் இருப்பவர்கள் அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்குப் போய்விடுவார்கள்.