கடை வாசலில் வசூல்காரர்: கையெழுத்துப் போடுமுன் கவனிக்க

பாக்கி கேட்டே பழகிய நமக்கு, நம்மிடம் ஒருவர் பாக்கி கேட்டு வந்து நின்றால் என்ன செய்வதென்று தெரிவதில்லை. 2024-ஆம் ஆண்டு ஆடி மாதம் எனக்கு அப்படி ஆயிற்று. அதில் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு மதுரை கீழமாசி வீதி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வியாபாரிகள் நாலைந்து பேர் பருப்பு விலை பேசிக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் இருவர் வந்து, "உங்க பையன் ஜிம்முக்குப் பணம் கட்டாம ஏமாத்திட்டார். வட்டியோட முப்பத்தோராயிரம், இப்பவே குடுங்க" என்று சத்தம் போட்டார்கள். நாற்பது வருடம் சேர்த்த பெயர் அந்த ஒரு நிமிடத்தில் போய்விட்டது போலிருந்தது. ஐயாயிரத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கல்லாவைத் திறந்துவிட்டேன். கணக்குப்பிள்ளைதான், "அண்ணாச்சி, தம்பி வரட்டும். கணக்கைப் பார்த்துட்டுக் கொடுப்போம்" என்று தடுத்தார். அதிகாரக் கடிதம், கணக்கு நகல் எதுவும் அவர்களிடம் இல்லை. மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

மகனைக் கேட்டேன். 2020 ஜனவரி 5-ஆம் தேதி சேர்ந்திருக்கிறான். வருடக் கட்டணம் 18,000 ரூபாய். 6,000 கட்டியாயிற்று, மீதி 12,000 பிப்ரவரி 5-க்குள் கட்ட வேண்டும். கட்டவில்லை, அது அவன் தவறு. ஆனால் மார்ச்சில் ஊரடங்கு வந்து கூடம் மூடப்பட்டது, பிறகு திறக்கவே இல்லை. மாதம் 1,500 வீதம் பார்த்தால் அவன் போன இரண்டரை மாதத்துக்கு 3,750 ரூபாய்தான் ஆகிறது. கட்டியதோ 6,000!

எனக்குத் தெரிந்த சட்டம், "மூன்று வருடம் தாண்டினால் கடன் செல்லாது" என்பதுதான். தைரியமாக வக்கீலிடம் போனேன். அவர் சிரித்தார். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம் என்பது சரிதான். ஆனால் கொரோனாவை முன்னிட்டு 15.3.2020 முதல் 28.2.2022 வரை உள்ள நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அந்த நாட்களைக் கழித்தால் அவர்களுக்கு 2025 ஜனவரி வரை வழக்குப் போட நேரம் இருந்தது. நான் கேள்விப்பட்ட சட்டத்தை நம்பி மீசையை முறுக்கியிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

நம் பக்கம் நின்றது வேறு விஷயம். தராத சேவைக்குக் கட்டணம் கேட்க முடியாது என்றார் வக்கீல். இஷ்டத்துக்குப் போட்ட அபராத வட்டியும் நிற்காது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். மேலும், வயது வந்த மகனின் கடனுக்கு, ஜாமீன் போடாத தகப்பன் பொறுப்பாளி அல்ல.

இரண்டாம் முறை வந்தபோது அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார்கள். "பாக்கியை ஒப்புக்கொள்கிறேன், தவணையில் கட்டுகிறேன்" என்று இருந்தது. இதுதான் முக்கியமான இடம், நண்பர்களே. கெடு முடியுமுன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். கையெழுத்துப் போட்டு ஒரு பகுதியைக் கட்டினாலும் அப்படியே. கெடு முடிந்த கடனுக்கும், கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி உயிர் வந்துவிடும். மகன் கையெழுத்துப் போடவில்லை. சேர்ந்த தேதி, கட்டிய தொகை, கூடம் மூடிய தேதி எல்லாம் எழுதி, கணக்கு நகலும் அதிகாரக் கடிதமும் கேட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினான். அதன்பின் இரண்டு முறை போன் வந்தது. பிறகு யாரும் வரவில்லை.

ஜிம் கட்டணத்தை நிதி நிறுவனக் கடனாக இ.எம்.ஐ. போட்டவர்கள் நிலை வேறு. ஜிம் மூடினாலும் அந்தக் கடன் தனியாக நிற்கும். பேசாமல் நிறுத்தினால் சிபில் மதிப்பெண் கெடும், நாளை கடைக்கு ஓவர்டிராப்ட் கேட்கும்போது உதைக்கும். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. யார் அனுப்பிய ஆளானாலும் மிரட்டினால் அது குற்றம். பாரதிய நியாய சம்ஹிதா 351-ஆம் பிரிவு.

இதே சட்டம் நம் பாக்கிக்கும் பொருந்தும். கடன் கெடு குறிக்காமல் சரக்குக் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். கெடு குறித்திருந்தால் கெடு முடிந்த நாளிலிருந்து. வருடா வருடம் மார்ச் கடைசியில் பாக்கித் தொகையை எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு பேரேட்டில் ஏறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988 வாக்கில், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கடைக்காரரிடம் பாக்கி வாங்க நானே ஒரு முரட்டு ஆளை அனுப்பியிருக்கிறேன். வாடிக்கையாளர் எதிரே சத்தம் போட்டு வாங்கி வந்தான். அந்தக் கடைக்காரர் பைசா மிச்சமில்லாமல் தீர்த்தார். அதன்பின் என் கடைப் படி ஏறவில்லை. இப்போது எங்கள் வசூல் தம்பி கணக்கு நகலும் கடைக் கடிதமும் இல்லாமல் கிளம்புவதில்லை. கடையில் ஆள் நின்றால், அவர்கள் போகும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.